ஹவாய்க்குப் போனால் பிட்ஜின் பேசிக் காட்டாதீர்கள்

போன வாரம் ஹோனலூலுவில் ஒரு சாப்பாட்டுக் கடை வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பையன், ஊருக்கு வந்து இரண்டு நாள்கூட ஆகியிருக்காது. கல்லாவில் இருந்த வயதான அம்மாவைப் பார்த்து "ஹவ்சிட், ப்ரடா!" என்றான், அதாவது அங்கத்திய பிட்ஜின் பேச்சில் 'எப்படி இருக்கே, சகோதரா!'. அவர் சிரிக்கவில்லை. சுத்தமான பள்ளிக்கூட ஆங்கிலத்தில் என்ன வேண்டும் என்று கேட்டார். பத்து வருஷத்துக்கு முன்னால் இதே மரியாதை எனக்கும் கிடைத்தது. வணக்கத்துக்கு 'அலோஹா', நன்றிக்கு 'மஹாலோ' எல்லாம் விமானத்திலேயே காதில் விழுந்துவிடும், அதை விடுங்கள். புதிதாகப் போகிறவர்கள் செய்யும் தப்புகள் வேறு.

பிட்ஜின் பேசிக் காட்டுவது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். அந்த அம்மாவைப் போய் சகோதரன் என்கிறான். முன்பின் தெரியாத பெரியவரை அங்கேயும் நம்மைப் போல ஆன்ட்டி, அங்கிள் என்றுதான் கூப்பிடுவார்கள். சரி, 'ஆன்ட்டி' என்றே சொல்லியிருந்தாலும் அந்த 'ஹவ்சிட்' தப்புதான். பிட்ஜின் கொச்சை ஆங்கிலம் இல்லை. கரும்புத் தோட்டங்களில் ஹவாய்ப் பூர்வகுடிகள், சீனர், போர்த்துகீசியர், ஜப்பானியர், பிலிப்பினோக்கள் சேர்ந்து உழைத்த இடத்தில் பிறந்து, அவர்கள் பிள்ளைகளுக்குத் தாய்மொழியாகிவிட்ட பேச்சு. அதைப் பேசியதற்காகப் பள்ளியில் திட்டு வாங்கி வளர்ந்தவர்கள் அங்கே நிறையப் பேர். விடுமுறைக்கு வந்தவன் அதையே பேசினால் மிமிக்ரியாகத்தான் கேட்கும்.

புரிந்துகொள்ளக் கற்றுக்கொள்ளுங்கள், போதும். 'கெட்' என்றால் இருக்கிறது, 'நோ மோ' என்றால் இல்லை. இது தெரியாத காலத்தில் ஒரு கடையில் மீன் கேட்டேன். 'நோ மோ' என்றார்கள். இன்றைக்குத் தீர்ந்துவிட்டது போல என்று மறுநாளும் போய் நின்றேன். அந்தக் கடையில் மீனே போடுவதில்லை.

நெடிலை விழுங்குவது

பூர்வகுடிகளின் ஹவாய் மொழி வேறு கதை. 1896-ல் ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாக்கிய சட்டம் அதைப் பள்ளிகளிலிருந்து வெளியே தள்ளியது. 1978-ல்தான் ஆங்கிலத்தோடு அதுவும் மாநில ஆட்சிமொழி ஆனது. இதில் நாலு சொல் முயன்று பார்க்கலாம், ஆனால் ஒழுங்காக. உயிரெழுத்தின் மேல் கோடு இருந்தால் நெடில். 'காலா' பணம், 'கல' மன்னிப்பது. குறில் நெடிலோடு வளர்ந்த நாம் இதில் சாக்கு சொல்ல முடியாது. மேற்கோள் குறி போல இருப்பது ஓகினா, தொண்டையில் சட்டென்று ஒரு நிறுத்தம். 'லானய்' வராந்தா. 'லான', நிறுத்தி, 'இ' என்றால் அங்கே ஒரு தீவின் பெயர்.

வடக்கா தெற்கா என்று வழி கேட்பது

அங்கே வழி சொல்வது இப்படி: மௌகா, மலைப் பக்கம். மகாய், கடல் பக்கம்.

அங்கே பிறந்தவர்களை எல்லாம் 'ஹவாயியன்' என்பது

பூர்வகுடிகள் மட்டும்தான் ஹவாயியன். மற்றவர்கள் 'லோக்கல்'.