எண் போட்டுப் பட்டியல் காட்ட எனுமரேட்

பைத்தான் நிரல்மொழியில் ஊர்ப் பெயர்களை 1, 2, 3 என எண் போட்டுக் காட்ட, ஃபார் லூப்பில் (for, ஒவ்வொன்றாக எடுத்துச் சுற்றும் கட்டளை) பட்டியலை எனுமரேட் (enumerate) என்ற செயற்கூறுக்குள் கொடுத்து, எண் எதில் தொடங்கும் என்று சொல்லும் ஸ்டார்ட் (start) மதிப்பை 1 என்று வையுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் எண்ணும் பெயரும் சேர்ந்தே கிடைக்கும். இதற்கென்று தனி மாறி வைத்து, சுற்றுதோறும் 1 கூட்ட வேண்டியதில்லை. புதிதாகப் படிப்பவர்கள் அந்தக் கூட்டல் வரியை மறந்துவிடலாம்; மறந்தால் எல்லாப் பெயருக்கும் ஒரே எண் வரும். ஸ்டார்ட் கொடுக்காவிட்டால் 0 முதல் தொடங்கும்.

இந்த எண் திரையில் காட்ட மட்டுமே. பட்டியலில் இடங்கள் 0 முதல் எண்ணப்படுவதால், இதை வைத்துப் பெயரை எடுத்தால் அடுத்த பெயர் வரும். கடைசிச் சுற்றில், இல்லாத இடத்தைக் கேட்பதால், இன்டெக்ஸ் எரர் (IndexError) என்ற பிழைதான் வரும். எண்ணே வேண்டாமென்றால் வெறும் ஃபார் லூப் போதும்.