ஓவியர் பாணியில் ஏஐ படம்: கூலியை எப்படிப் பேசி முடிப்பது

சிறுவர் புத்தகம் போடும் சின்னப் பதிப்பகம் எங்களுடையது. பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படம் கேட்கும் புத்தகங்களில் கொஞ்சம் ஏஐ உதவி எடுக்கிறோம். யாருடைய கைவண்ணத்தை அது பார்த்துப் போடுகிறதோ, அவருக்குக் காசு போயாக வேண்டும். எங்கள் ஓவியர் அக்காவோடு உட்கார்ந்து பேசி வைத்திருக்கும் முறை இது.

முதலில், உயிரோடிருக்கும் ஓவியரின் பெயரை பிராம்ப்டில் (ஏஐக்கு நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளையில்) எழுதுவதை விட்டுவிடுங்கள். 2022-இல் ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படம் போடும் ஏஐ வந்த புதிதில் போலந்து ஓவியர் கிரெக் ருட்கோவ்ஸ்கியின் பெயரைப் போட்டு ஆயிரக்கணக்கில் படம் எடுத்தார்கள். யாரும் அவரைக் கேட்கவில்லை. படத்தை எடுத்துவிட்டு அப்புறம் ஜிபேயில் ஐந்நூறு அனுப்புவதெல்லாம் கூலி ஆகாது. வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பையே அவரிடமிருந்து பறித்தாகிவிட்டது.

கேட்டுச் செய்வதென்றால் வழி லோரா. படம் போடும் பெரிய ஏஐ மாடலின் மேல் ஏற்றிக்கொள்ளும் சிறிய கோப்பு அது. ஓவியரின் இருபது, முப்பது படங்களைக் கொடுத்துப் பயிற்றுவித்தால் அவருடைய கோடும் வண்ணமும் ஓரளவு வந்துவிடும். எந்தப் படங்கள் என்பதை அவரே பொறுக்கித் தரட்டும். எங்கள் அக்கா கோயில் கோட்டோவியங்களைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, “இது வேணாம் தம்பி. காக்கா, ஆடு, தெரு, இத மட்டும் எடுத்துக்குங்க” என்றார். ஒதுக்கிய அந்தக் கட்டை நாங்கள் தொடவே இல்லை.

பயிற்சிக்கான பணத்தை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும், திரும்பக் கேட்கக் கூடாது. கையால் வரையும் பத்து முழுப்பக்கப் படங்களின் கூலி என்பது எங்கள் கணக்கு. லோரா சொதப்பினாலும் அது அவருடைய பணம்தான்.

அடுத்தது பயன்பாட்டுக் கூலி. இங்கேதான் பேச்சு நீளும். எந்திரம் ஒரு காட்சிக்கு நாற்பது படம் துப்பும், அத்தனைக்கும் கணக்கு எழுதினால் யாருக்கும் கட்டாது. அச்சுக்குப் போகும் படங்களை மட்டும் எண்ணுங்கள். ஒவ்வொன்றுக்கும் கையால் வரையும் படத்தின் கூலியில் மூன்றில் ஒரு பங்கு, மறுபதிப்பு வந்தால் அதில் பாதி. இதற்குக் கீழே இறங்கினால் அவரை வைத்தே அவர் பிழைப்பைக் குறைக்கிறோம் என்றுதான் அர்த்தம்.

திருத்தக் கூலி தனி. எங்கள் லோரா காக்காய்க்கு வாத்துக்கால் போட்டுவிடும், விரல் நடுவில் சவ்வோடு. அக்கா அதை அழித்து, முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று என்று வரைந்து, கிளையைப் பிடித்த மாதிரி நகத்தை வளைத்துக் கொடுப்பார். பார்க்கச் சின்ன வேலை, ஆனால் அரைநாள் போய்விடும். இதைப் பயன்பாட்டுக் கூலிக்குள் அடக்கப் பார்க்காதீர்கள்.

எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, காலம் குறிப்பிடாத ஒப்பந்தம் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளப்படும். ஐந்து ஆண்டு ஓவியருக்கு ரொம்ப நீளம். நாங்கள் இரண்டு என்று போட்டோம். அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவில் ஒரு வழுக்கல் இருக்கிறது: காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். ‘பழைய புத்தகப் படமெல்லாம் நம்முடையதுதானே’ என்று பதிப்பாளர் அதைப் பிடித்துக்கொண்டு லோராவுக்கு ஊட்டிவிடலாம். அன்றைக்குப் பேசிய கூலி ஒரு புத்தகத்துக்கு. மறுபடி கேளுங்கள், மறுபடி கொடுங்கள்.

லோரா கோப்பு எந்தக் கணினியில் இருக்கிறது, யார் தொடலாம், கெடு முடிந்ததும் யார் அழிப்பது என்பதையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். அச்சகத்துக்கோ வெளி டிசைனருக்கோ கோப்பைத் தரக் கூடாது, படத்தை மட்டும் தரலாம்.

அடியில் இருக்கும் மாடல் தனிச் சிக்கல். ஸ்டேபிள் டிஃப்யூஷன் படித்தது லயான்-5பி தொகுப்பின் ஒரு பகுதியை. இணையத்திலிருந்து திரட்டிய 585 கோடிப் படச் சுட்டிகள் கொண்ட தொகுப்பு அது. உங்கள் ஓவியருக்குக் கொடுத்த பணம் அந்தப் படங்களைப் போட்டவர்கள் யாருக்கும் போகாது. உரிமம் வாங்கிய படங்களால் பயிற்றுவித்த பிரியா மாதிரியான மாடலை (இஸ்ரேல் நிறுவனம், நம்மூர்ப் பெண் இல்லை) அடியில் வைப்பது மேல். அடோபி நிறுவனம் தன் ஃபயர்ஃபிளை என்ற ஏஐக்காக, அடோபி ஸ்டாக் என்ற தன் படச் சந்தையில் படம் தந்தவர்களுக்கு 2023-இல் போனஸ் கொடுத்தது. முன்கூட்டியே எங்களைக் கேட்கவில்லையே என்ற குறை அவர்களில் பலருக்கு உண்டு. எனக்கும் அந்தக் குறை நியாயமாகத்தான் படுகிறது.

புத்தகத்தின் முதல் பக்கத்தில் ‘படங்கள்: இன்னாரின் ஓவியங்களால், அவர் சம்மதத்தோடு பயிற்றுவித்த ஏஐ, திருத்தம்: இன்னார்’ என்று போடுங்கள். ஓவியர் தன் பெயரே வேண்டாம் என்றால் போடாதீர்கள், கூலி மாறாது. லோராவே வேண்டாம் என்றால் கட்டாயப்படுத்தாமல் பட்ஜெட்டைத் திரும்பப் போடுங்கள்: முப்பது படத்துக்குப் பதில் பன்னிரண்டு, எல்லாமே அவர் கையால்.