இளமையில் பார்த்த திரைப்படமும் இன்றைய கேமராவும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் ஒரு மாணவர் தாம் எடுத்த இருபது திருமணப் படங்களைக் கொண்டுவந்து காட்டினார். பதினேழில் மணமக்கள் கருநிழல்களாக நின்றார்கள். எந்தத் திரைப்படத்தைப் பார்த்து வளர்ந்தவர் என்று கேட்க வேண்டிய தேவையே எனக்கு ஏற்படவில்லை, ஏனெனில் திரையில் பார்த்ததை அப்படியே புகைப்படத்தில் எடுக்க முயலும் அதே நோய் எனக்கும் இருந்தது. ஃபோகஸ் தவறுவது, கை நடுங்குவது போன்றவை பழகப் பழகச் சரியாகிவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

அடுத்த ஷாட் இல்லை என்பதை மறப்பது

1988இல் 'அக்னி நட்சத்திரம்' வெளிவந்தபோது எனக்குப் பதினைந்து வயது. ஒளிப்பதிவாளர் பி.சி.ஸ்ரீராமின் பின்னொளியும் லென்ஸுக்குள் சிதறும் வெளிச்சமும் அப்படியே கண்ணில் தங்கிவிட்டன. எட்டு ஆண்டுகள் கழித்து, நான் தனியாக ஏற்ற முதல் திருமணத்தில், மண்டபத்தின் கிழக்கு ஜன்னல் வழியாக வந்த வெயில் ஹோமப் புகையில் தூண்தூணாக இறங்கியதைக் கண்டதும், ஃபிளாஷை அணைத்துவிட்டு முகூர்த்தம் முழுவதையும் அந்த ஜன்னலை நோக்கியே எடுத்தேன். கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் ஜன்னலின் வெளிச்சத்தை அளந்தது; முகங்கள் இருட்டில் போயின. பெண்ணின் தந்தை ஆல்பத்தை இரண்டு முறை புரட்டிவிட்டு, "தம்பி, இதுல எம் பொண்ணு முகம் எங்க?" என்று மட்டும் கேட்டார். நெகட்டிவில் பதியாத முகத்தை எந்த லேபாலும் வரவழைக்க முடியாது. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். தாலி கட்டிய நொடியை எதைக் கொண்டு திருப்பிக் கொடுப்பது?

திரையில் நாயகன் சில நொடிகள் நிழலாக நிற்கலாம், அடுத்த ஷாட்டில் அவன் முகம் வந்துவிடும். நம் படத்துக்கு முன்னும் பின்னும் எதுவும் கிடையாது. ஆகவே பின்னொளியில் எடுப்பதென்றால் முகத்தை மட்டும் அளந்து எடுங்கள், இல்லையேல் மீட்டர் முழுக் காட்சிக்கும் காட்டும் அளவுக்கு மேல் ஒன்றரை, இரண்டு ஸ்டாப் (ஒளியளவின் படி; ஒரு படி கூட்டினால் ஒளி இரட்டிப்பாகும்) கூட்டுங்கள், அல்லது வெளிச்சத்தை முகத்தில் திருப்பியடிக்க ஒரு தெர்மாகோல் அட்டையைப் பிடிக்க ஆள் வையுங்கள். நிழலுருவம் ஆல்பத்துக்கு ஒன்று போதும், அதுவும் முகம் தெரியும் படங்களை எடுத்து முடித்த பிறகு. இதைச் சொன்னால் "அது என் ஸ்டைல், சார்" என்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

'இயற்கை ஒளி' என்று சும்மா நிற்பது

இயற்கை ஒளிக்குப் பேர்போன பாலு மகேந்திராவின் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் விழும் குழி இது. இயற்கையாகத் தோன்றும் ஒளிக்குப் பின்னால் பெரும்பாலும் உழைப்பு இருக்கிறது. 1956இல் வெளிவந்த சத்யஜித் ராயின் 'அபராஜிதோ'வில் காசி வீட்டின் முற்றமாக நாம் காண்பது கல்கத்தா ஸ்டுடியோவில் போட்ட செட். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா அதன் மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, கீழிருந்து விளக்குகளை அதன் மீது அடித்து, திரும்பி இறங்கிய மென்மையான வெளிச்சத்தைத்தான் வானத்து ஒளியாக நம்மை நம்பவைத்தார். ஒரு வேட்டி இருந்தால் மொட்டைமாடியிலேயே இதைச் செய்து பார்க்கலாம்.

ஒரே ஒளிப்பதிவாளரைப் பிடித்துக்கொள்வது

குறைந்தது மூவரையாவது பாருங்கள்.

படத்தின் மேலும் கீழும் கருப்புப் பட்டை வைப்பது

அது சினிமாஸ்கோப் அல்ல, வீணான ஆல்பத் தாள்.