வங்கியிலிருந்து போனா? வைத்துவிட்டு நீங்களே கூப்பிடுங்கள்

போனில் பேசுகிறவர் உண்மையிலேயே வங்கி ஆள்தானா என்று பேச்சுக் கொடுத்துக் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். உங்கள் பெயர், பிறந்த தேதி, கார்டின் கடைசி நான்கு எண்கள் வரை மோசடிக்காரர்களிடமும் இருக்கும். கசிந்த தகவல்கள் விலைக்குக் கிடைக்கின்றன. திரையில் தெரியும் எண்ணையும் போலியாகக் காட்ட முடியும். ட்ரூகாலரில் 'பேங்க் மேனேஜர்' என்று வந்தால் அது யாரோ பதிந்து வைத்த பெயர், அவ்வளவுதான்.

"நானே கூப்பிடுகிறேன்" என்று சொல்லி வைத்துவிடுங்கள். ஏடிஎம் கார்டின் பின்புறத்திலோ பாஸ்புக்கிலோ அச்சாகியிருக்கும் எண்ணுக்கு நீங்களே போன் செய்யுங்கள். கூகுளில் 'கஸ்டமர் கேர்' என்று தேடி எடுத்த எண் வேண்டாம். மோசடிக் கும்பல்கள் தங்கள் எண்ணை அங்கேயும் ஏற்றி வைக்கின்றன. நிஜ ஊழியர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். "லைனை வைக்காதீங்க சார், வச்சா அக்கவுன்ட் பிளாக் ஆகிடும்" என்று பதறுகிறவர் யாரென்று அந்த ஒரு வரியே சொல்லிவிடும்.

வங்கி, காப்பீட்டு நிறுவனங்களின் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் வரிசையும், விளம்பர அழைப்புகளுக்கு 140 வரிசையும் ஒதுக்கப்பட்டுள்ளன. சாதாரண பத்து இலக்க மொபைலிலிருந்து 'வங்கித் தலைமை அலுவலகம்' பேசினால் சந்தேகப்படுங்கள். 1600-இலிருந்தே வந்தாலும் ஓடிபி சொல்ல வேண்டிய அவசியம் எந்த அழைப்பிலும் கிடையாது.

எஸ்எம்எஸ்ஸில் முதலில் பார்க்க வேண்டியது அனுப்புநர் பெயர். நிறுவனங்களின் மெசேஜ் மொபைல் எண்ணிலிருந்து வராது. எழுத்துகளாலான பெயரில் வரும். பெயரின் கடைசியில் சிறு கோடிட்டு ஓர் ஆங்கில எழுத்து இருக்கும்: பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் பணப் பரிவர்த்தனை, ஜி என்றால் அரசு. "இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் வீட்டு மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே இந்த அதிகாரியைத் தொடர்புகொள்ளவும்" என்ற மெசேஜ் பலரை ஏமாற்றியிருக்கிறது. அது ஏதோ ஒரு மொபைல் எண்ணிலிருந்து வந்திருக்கும். உள்ளே உங்கள் மின் இணைப்பு எண் இருக்காது. அதில் உள்ள 'அதிகாரி'யைக் கூப்பிட்டால், பாக்கித் தொகை பத்து ரூபாய்தான் என்பார், அதைக் கட்ட ஓர் ஆப் இறக்கச் சொல்வார். எனிடெஸ்க் போல, உங்கள் திரையை அவர் பார்க்க வழி செய்யும் ஆப் அது. பத்து ரூபாய் கட்ட நீங்கள் தட்டும் பாஸ்வேர்டும், அடுத்து வரும் ஓடிபியும் அவர் கண்ணெதிரே இருக்கும். பில் பாக்கி பற்றிச் சந்தேகம் இருந்தால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ல் கேளுங்கள்.

இதைவிட மோசமானது ஏபிகே ஃபைல், அதாவது ஆண்ட்ராய்டு போனில் ஓர் ஆப்பை நிறுவும் ஃபைல். வாட்ஸ்அப்பில் 'ஆர்டிஓ சலான்' என்றோ 'கல்யாணப் பத்திரிகை' என்றோ பெயர் வைத்து வரும். அனுப்பியவர் உங்களுக்குத் தெரிந்தவராகவே இருப்பார்; அவருடைய போன் ஏற்கெனவே மாட்டிக்கொண்டு, காண்டாக்டில் உள்ள எல்லோருக்கும் தானாக அனுப்பிக்கொண்டிருக்கும். போக்குவரத்து அபராதமோ பத்திரிகையோ ஒருநாளும் ஏபிகேயாக வராது. பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோதான் இருக்கும். ஃபைல் வந்து கிடப்பதால் ஒன்றும் ஆகாது, நிறுவினால்தான் வினை. நிறுவியதும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் ஐகான் மறைந்துவிடும், ஆப் மட்டும் உள்ளே ஓடும். வங்கி அனுப்பும் ஓடிபி நேரே அவர்களுக்குப் போகும். "நான் யாரிடமும் ஓடிபி சொல்லவே இல்லையே" என்று சொல்பவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

தடுக்க, செட்டிங்ஸில் 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' என்று தேடி, வாட்ஸ்அப், குரோம், ஃபைல்ஸ் மூன்றுக்கும் அனுமதியை நிறுத்தி வையுங்கள். வீட்டுப் பெரியவர்களின் போனிலும் இன்றே செய்துவிடுங்கள். ஏற்கெனவே நிறுவிவிட்டால் உடனே ஃப்ளைட் மோடு போட்டு, வைஃபையும் நின்றிருக்கிறதா என்று பாருங்கள். வேறொரு போனிலிருந்து வங்கியை அழைத்துக் கார்டு, நெட் பேங்கிங், யுபிஐ மூன்றையும் முடக்கச் சொல்லுங்கள். பிறகு ஆப்ஸ் பட்டியலில் அதைத் தேடி நீக்குங்கள். 'அன்இன்ஸ்டால்' பட்டன் மங்கலாக இருந்தால் அந்த ஆப் 'டிவைஸ் அட்மின்' அனுமதி வாங்கியிருக்கிறது. முதலில் அதை ரத்து செய்ய வேண்டும். அப்படியும் போகவில்லை என்றால் படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஃபேக்டரி ரீசெட். பாஸ்வேர்டுகளை அதன் பிறகே மாற்றுங்கள். முன்பே மாற்றினால் புதியதும் அவர்கள் கைக்குப் போகலாம்.

யுபிஐயில் பின் எண் கேட்டால் பணம் உங்களிடமிருந்து போகப் போகிறது என்று பொருள். பணம் வாங்கப் பின்னும் வேண்டாம், க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யவும் வேண்டாம். தனிநபர்கள் அனுப்பும் பணக் கோரிக்கை வசதி 2025 அக்டோபரில் நிறுத்தப்பட்டது. 'பணம் வர இதை ஸ்கேன் செய்யுங்கள்' என்று க்யூஆர் கோடு அனுப்பும் வித்தை மட்டும் நிற்கவில்லை. "தவறுதலாக உங்களுக்கு இருபதாயிரம் அனுப்பிவிட்டேன்" என்று ஒருவர் அழுதால், எஸ்எம்எஸ்ஸை நம்பாமல் வங்கி ஆப்பில் இருப்பைப் பாருங்கள். நிஜமாகவே வந்திருந்தாலும் நீங்கள் திருப்பி அனுப்பாதீர்கள். அவரை அவருடைய வங்கியில் புகார் கொடுக்கச் சொல்லுங்கள்.

கூரியர் ஆள் என்று ஒருவர் *21* அல்லது *401* என்று தொடங்கும் எண்ணை டயல் செய்யச் சொன்னால் செய்யாதீர்கள். உங்கள் அழைப்புகளை அவருக்குத் திருப்பிவிடும் கட்டளை அது. குரல் அழைப்பில் வரும் ஓடிபியும் வாட்ஸ்அப் குறியீடும் அதோடு போய்விடும். *#21# அடித்தால் ஃபார்வர்ட் இருக்கிறதா என்று தெரியும், ##002# எல்லாவற்றையும் நீக்கும். வாட்ஸ்அப்பில் 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' போட்டு ஆறு இலக்கப் பின் வைத்துக்கொள்ளுங்கள்.

போலீஸ் என்று சொல்லி, வீடியோ காலிலேயே உங்களைக் கைது செய்துவிட்டதாக மிரட்டுவார்கள். அந்த 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்ற ஒன்று இந்தியச் சட்டத்தில் இல்லை. கைது செய்யப் போலீஸ் நேரில் வர வேண்டும். வீடியோ காலில் சீருடையும் பின்னால் அசோகச் சின்னமும் தெரிந்தால் அது நாடக செட். படித்தவர்கள் மணிக்கணக்கில் இதில் மாட்டுவதற்குக் காரணம், யாரிடமும் பேசக் கூடாது என்ற கட்டளை. அதை மீறுங்கள்: பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிட்டுப் போனை அவர் கையில் கொடுங்கள்.

மெயிலில் அனுப்புநர் பெயரை விட்டுவிட்டு, அட் குறிக்குப் பின்னால் உள்ளதைப் படியுங்கள். ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி இந்திய வங்கிகளின் இணையதளங்கள் 'டாட் பேங்க் டாட் இன்' முகவரிக்கு மாறியுள்ளன. மெயிலில் உள்ள லிங்க் வேறு எங்காவது போனால் தொடாதீர்கள்.

பணம் போய்விட்டால்

முதல் போன் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு. பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்குத் தாவிக்கொண்டே இருக்கும். எடுக்கப்படும் முன் வங்கிகள் முடக்கினால்தான் மீளும், ஆகவே நிமிடங்கள் முக்கியம். கையில் வைத்திருக்க வேண்டியவை: உங்கள் கணக்கு எண், தொகை, நேரம், பரிவர்த்தனை எண். யுபிஐ என்றால் ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் தெரியும் 12 இலக்க எண் அது. அடுத்தது வங்கி. கையோடு தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் முழுப் புகாரும் பதிவு செய்து, ஒப்புகை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மெசேஜையும் கால் பட்டியலையும் அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் பணம் போயிருந்து, வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நட்டம் எதுவும் உங்கள் தலையில் விழாது. ஓடிபியை நீங்களே கொடுத்திருந்தால் வங்கியிடம் சொல்லும் வரை போனது உங்கள் நட்டம். சொன்ன பிறகு போவது வங்கியின் பொறுப்பு. அதனால் வெட்கப்பட்டுக்கொண்டு விடியும் வரை காத்திருக்காதீர்கள்.

பணம் போகவில்லை, அழைப்பு மட்டும் வந்தது என்றால் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி ஆப்பில் 'சக்ஷு' பகுதியில் அந்த எண்ணைப் புகார் செய்யலாம். உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்றும் அதிலேயே பார்க்கலாம்.

புகார் கொடுத்த சில நாளில், "உங்கள் பணம் கிடைத்துவிட்டது, விடுவிக்கக் கட்டணம் கட்டுங்கள்" என்று இன்னொரு போன் வரக்கூடும். ஏமாந்தவர்களின் பட்டியலும் விலைக்குப் போகிறது. போலீஸோ வங்கியோ மீட்ட பணத்தைத் தரக் கட்டணம் கேட்பதில்லை. அந்த எண்ணையும் அதே புகாரில் சேருங்கள்.