ஸ்வீடனில் மாணவர் விருந்துக்குப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

எக்ஸ்சேஞ்ச் மாணவராக லுண்டு, உப்சாலா போன்ற ஸ்வீடனின் பல்கலைக்கழக நகரங்களில் போய் இறங்கினால், பெட்டியைப் பிரிப்பதற்குள் ஒரு விருந்து அழைப்பு வந்துவிடும். லுண்டில் அதற்குப் பெயர் சிட்னிங். உப்சாலாவில் கஸ்க் என்பார்கள். பெரும்பாலும் நடத்துவது 'நேஷன்' எனப்படும் மாணவர் சங்கங்கள். பெரும்பாலும் ஸ்வீடனின் பழைய மாகாணங்கள், நகரங்களின் பெயரைத் தாங்கிய இவை உப்சாலாவில் மட்டும் 13 இருக்கின்றன.

புதிதாகப் போகிறவர்கள் முள்கரண்டியை எந்தக் கையில் பிடிப்பது என்று வீடியோ பார்த்துத் தயாராகிறார்கள். அதை அங்கே யாரும் கவனிப்பதில்லை. மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். இந்த விருந்து உங்கள் பசியின் வேகத்தில் நடக்காது, மேசையை நடத்தும் டோஸ்ட்மாஸ்டரின் வேகத்தில்தான் நடக்கும். எப்போது குடிப்பது, எப்போது பாடுவது, எப்போது எழுந்து போவது எல்லாம் அவர் சொல்படிதான். முக்கால்வாசித் தவறுகள் இதை மறப்பதால் வருபவை.

முதல் தவறு விருந்துக்குச் சில நாள் முன்பே, பதிவுப் படிவத்தில் நடந்துவிடுகிறது. உணவு விருப்பம் கேட்கும் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, அன்றைக்கு மேசையில் உட்கார்ந்து "நான் சைவம்" என்றால் சமையலறையில் ஒன்றும் செய்ய முடியாது. தலைக்கு இத்தனை தட்டு என்று எண்ணிச் சமைத்திருப்பார்கள். வெறுமனே சைவம் என்று எழுதினால் முட்டை வரலாம். இனிப்பாக அடிக்கடி வைக்கும் பன்னா கோட்டாவில் ஜெலட்டின் இருக்கும். அது மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுப்பது. ஆகவே "முட்டை வேண்டாம், ஜெலட்டின் வேண்டாம்" என்று பெயர் சொல்லியே எழுதுங்கள். மது வேண்டாம் என்றால் அதற்கும் 'அல்கொஹோல்ஃப்ரீத்' என்று தனிக் கட்டம் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு கோப்பைக்கும் மாற்றுப் பானம் தருவார்கள். குடிக்காததற்காக யாரும் முகம் சுளிப்பதில்லை. கோப்பையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தால்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

அடுத்தது நேரம். ஸ்வீடன் பல்கலைக்கழகங்களில் 10 மணி வகுப்பு என்றால் 10.15க்குத்தான் தொடங்கும், கல்விக் கால்மணி என்று பெயர். மாலை அழைப்பில் மணிக்குப் பக்கத்தில் 'டிகே' (dk) என்று இரண்டு எழுத்து இருந்தால் அது இரட்டைக் கால்மணி: 18.00 என்பது 18.30. 'பிரிக்' என்றிருந்தால் சொன்ன நிமிடத்துக்கே. ஒன்றும் எழுதியில்லை என்றால் சொன்ன நேரத்துக்கே போய்விடுங்கள். எல்லோரும் உட்கார்ந்து கதவு சாத்திய பிறகு உள்ளே நுழைவது, முகூர்த்தம் முடிந்து மண்டபத்துக்குப் போவதைவிட மோசம். எண்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள், தாமதத்துக்கு ஒரு பாட்டுப் பாடச் சொன்னாலும் சொல்வார்கள். பாஸ்போர்ட் அல்லது அடையாள அட்டை, நேஷன் உறுப்பினர் அட்டை, வங்கி அட்டை மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ரொக்கம் பல இடங்களில் செல்லாது. உள்ளூர்க்காரர்கள் பணம் அனுப்பும் ஸ்விஷ் செயலிக்கு ஸ்வீடிஷ் வங்கிக் கணக்கு வேண்டும் என்பதால் புதிதாக வந்தவருக்கு அதுவும் உதவாது.

உடையில் இரண்டு சொற்கள் நம்மை ஏமாற்றும். 'ஸ்மோக்கிங்' என்று எழுதியிருந்தால் புகைப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கறுப்பு வில் டையுடன் போடும் டின்னர் ஜாக்கெட். 'ஃப்ராக்' என்றால் பெண் குழந்தையின் கவுன் அல்ல. ஆண்கள் அணியும் வால்கோட்டு. வாடகைக்கு எடுக்கும் ஃப்ராக்கில்தான் அதிகம் கோட்டைவிடுகிறார்கள். அதற்கு வெள்ளை வில் டை, வெள்ளை வெயிஸ்ட்கோட். கறுப்பு டை கட்டினால் மரபுப்படி நீங்கள் பரிமாறுபவர். யாராவது காலித் தட்டை நீட்டினால் கோபப்பட முடியாது. கோட்டின் முன்பக்க விளிம்புக்குக் கீழே வெள்ளை வெயிஸ்ட்கோட் எட்டிப்பார்க்கக் கூடாது. அளவு சரியில்லாத வாடகை உடையில் இரண்டு விரல்கடை வெள்ளை தெரியும். அதனால் இரண்டு நாள் முன்பே போட்டுப் பாருங்கள். கோட்டுக்குப் பொத்தான் போடுவதில்லை, கைக்கடிகாரமும் கட்டுவதில்லை.

இத்தனைக்கும் ஒரு குறுக்குவழி உண்டு. ஸ்வீடனில் தேசிய உடை, உச்ச முறை உடைக்குச் சமம். நோபல் விருந்திலேயே வால்கோட்டுக்குப் பதில் தேசிய உடை செல்லும். பட்டுப்புடவை தாராளமாகக் கட்டிப் போகலாம். முந்தானையை மட்டும் மடித்துப் பின் குத்திவிடுங்கள், மேசை நெடுக மெழுகுவத்தி எரியும். நேர்மாறாக, பொறியியல் மாணவர்களின் விருந்தில் 'ஓவரால்' என்று போட்டிருந்தால் துணிச்சின்னங்கள் தைத்த தொழிலாளர் உடுப்பில் வருவார்கள். அங்கே கோட்டு சூட்டில் போனவர்தான் பொருந்தாதவர்.

உள்ளே போனதும் இட வரைபடத்தில் உங்கள் பெயர் எங்கே என்று பாருங்கள். நண்பர் பக்கத்தில் உட்கார ஆசைப்பட்டு பெயர்ச்சீட்டை மாற்றி வைக்காதீர்கள். உங்கள் சைவத் தட்டு அந்த நாற்காலியைத் தேடித்தான் வரும்.

இனி ஸ்கோல், அதாவது கோப்பையைத் தூக்கி வாழ்த்துச் சொல்லிக் குடிப்பது. அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். உட்கார்ந்ததும் தாகம் என்று முன்னால் இருக்கும் ஒயினை உறிஞ்சக் கூடாது. டோஸ்ட்மாஸ்டர் வரவேற்று முதல் ஸ்கோல் சொன்ன பிறகே முதல் வாய். பாட்டு முடிந்ததும் கோப்பையை மார்பு உயரத்துக்குத் தூக்குங்கள். பெரும்பாலான இடங்களில் ஆண்கள் முதலில் வலப்பக்கத்தவரையும், பெண்கள் இடப்பக்கத்தவரையும் கண்ணோடு கண் பார்ப்பார்கள். பிறகு மறுபக்கம், அப்புறம் எதிரே இருப்பவர். அதன்பின் குடிப்பது. குடித்ததும் டக்கென்று கீழே வைத்துவிடுவதுதான் தவறு. எதிரே, மறுபக்கம், முதல் பக்கம் என்று அதே பார்வையைத் தலைகீழாகச் சுற்றிவந்த பிறகே கோப்பை மேசைக்கு வரவேண்டும். கோப்பைகளை இடித்துக்கொள்வதும் கிடையாது. வரிசை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து அப்படியே செய்தால் போதும்.

ஸ்னாப்ஸ் என்பது மேலே தாளித்தது போல் சோம்பு, சீரகம் போன்ற கேரவே விதை வாசனையெல்லாம் ஏறிய கடுமையான மது, சுமார் 40 சதவீதம். முதல் ஸ்னாப்ஸுக்கு வழக்கமாக 'ஹேலான் கோர்' பாடுவார்கள். 'ஹேலான்' என்றால் முழுசு என்றாலும் ஒரே மடக்கில் கவிழ்த்தாக வேண்டும் என்று சட்டமில்லை, ஒரு வாய் போதும். இரண்டு பாட்டு, ஒரு பேச்சு, ஒரு குறும்பு நாடகம் என்று நடுவில் ஓடுவதால் சாப்பாடு மெதுவாகத்தான் வரும். வெறும் வயிற்றோடு போனால் முதன்மை உணவு வருவதற்குள் தலை சுற்றும். நாலு மணிக்கு ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெளிப்படையாகப் போதையேறியவருக்கு மது ஊற்றுவது ஸ்வீடன் சட்டப்படி குற்றம், வாசலுக்கு அனுப்பிவிடுவார்கள். சொந்தப் பாட்டிலைக் கோட்டுக்குள் கொண்டுபோவதும் அப்படியே.

பாட்டு ஸ்வீடிஷில் இருக்கும். கையில் பாட்டுப் புத்தகம் தருவார்கள். வார்த்தை பிடிபடாவிட்டால் மெட்டை முனகுங்கள். பாட்டின்போது போனைப் பார்ப்பதும், ஓடும் பாட்டின் நடுவில் மெல்லுவதும்தான் உறுத்தும். கழிப்பறைக்கு, டோஸ்ட்மாஸ்டர் இடைவேளை சொல்லும்வரை பொறுப்பது வழக்கம். அவசரம் என்றால் போய்த்தான் ஆகவேண்டும், திரும்பி வரும்போது எல்லோரும் கேலி செய்து பாடலாம். ஆகவே உட்காருமுன் ஒருமுறை போய்வந்துவிடுவது புத்திசாலித்தனம்.

கடைசிப் பாட்டு 'ஓ கம்லா க்ளாங் ஓ யூபெல்டீட்'. அதன் முடிவில் எல்லோரும் நாற்காலி மேல் ஏறி நிற்பார்கள். குதிகால் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள், வேட்டிக்காரர்கள் முன்யோசனையோடு வரவும். இறங்கிய பிறகு மறுபடி உட்காரக் கூடாது, அந்த மேசை அத்துடன் முடிந்தது. பையையும் கோப்பையையும் எடுத்துக்கொண்டு நகர வேண்டியதுதான். பிறகு 'ஸ்லெப்' என்று கதவைத் திறந்து, விருந்துக்கு வராதவர்களையும் ஆட உள்ளே விடுவார்கள்.

சில நாள் கழித்து விருந்து நடத்தியவரை நூலக வாசலில் பார்த்தால் "தக் ஃபொர் செனஸ்ட்" என்று சொல்லுங்கள். போன முறைக்கு நன்றி என்று பொருள். பலர் வணக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.