ஈரோடு மஞ்சள்: வெட்டுக்குப் பின் தரத்தைக் கெடுக்கும் தவறுகள்

காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்திலும் கீழ்பவானிப் பாசனத்திலும் வைகாசி, ஆனி மாதங்களில் நட்ட மஞ்சள், தை பிறந்த பிறகே வெட்டுக்கு வருகிறது. விதைக்கிழங்கு, தொழுவுரம், களையெடுப்பு, மண் அணைப்பு, தண்ணீர் என்று பல மாதங்கள் செலவழித்து வளர்த்த இந்தப் பயிரின் தரம், மண்ணை விட்டு வெளியே வந்த பிறகான நான்கைந்து வாரங்களில்தான் பெரும்பாலும் கெடுகிறது. உரத்துக்கும் மருந்துக்கும் நாலு பேரிடம் யோசனை கேட்கும் விவசாயிகள்கூட, வேகவைப்பதையும் காயவைப்பதையும் ஆட்களின் பொறுப்பில் விட்டுவிட்டு ஏல விலையைப் பற்றி மட்டும் கவலைப்படுகிறார்கள். ஈரோடு மஞ்சளுக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயருக்குரிய நிறத்தையும் மணத்தையும் காப்பாற்ற வேண்டிய இடம், மஞ்சளை வேகவைக்கும் பெரிய பாத்திரமான கொப்பரையும் காயவைக்கும் களமும்தான்.

முதல் தவறு அவசரம். விலை ஏறுகிறது என்ற செய்தி வந்தவுடன், தாள் (செடியின் இலையும் தண்டும்) இன்னும் பச்சையாக நிற்கும்போதே வெட்டத் தொடங்கிவிடுகிறார்கள். ரகத்தைப் பொறுத்து மஞ்சள் முற்றுவதற்கு 7 முதல் 9 மாதங்கள் ஆகும்; நாட்டு ரகங்கள் சில இடங்களில் இன்னும் சில வாரங்கள் எடுத்துக்கொள்ளும். தாள் முழுவதும் மஞ்சளாகிக் காய்ந்து சாய்வதுதான் நம்பத்தக்க அடையாளம். முற்றாத கிழங்கில் தண்ணீர் அதிகம் இருப்பதால், காய்ந்த பிறகு விரலி (தாய்க்கிழங்கிலிருந்து விரல்போலக் கிளைக்கும் கிழங்கு) சுருங்கிப்போகும், எடையும் குறையும். 100 கிலோ பச்சை மஞ்சளில் ரகத்தையும் முதிர்ச்சியையும் பொறுத்து ஏறத்தாழ 15 முதல் 30 கிலோ வரைதான் காய்ந்த மஞ்சள் தேறும் என்னும்போது, இந்தக் குறைவு சிறிய இழப்பு ஆகாது. நிலம் இறுகிக் கிடக்கும்போது வெட்டினாலும் விரலிகள் முறிந்து, மண்வெட்டி பட்ட இடமெல்லாம் கறுத்துவிடும். அத்தகைய மண்ணில் சில நாட்கள் முன்பாக லேசாகத் தண்ணீர் கட்டி, பதம் பார்த்து வெட்டுவது நல்லது.

வெட்டிய மஞ்சளை வெயிலில் குவித்து வைத்துவிட்டு, கொப்பரைக்காரர் வரும் வரை ஒரு வாரம் காத்திருப்பது அடுத்த தவறு. இரண்டு மூன்று நாட்களுக்குள் வேகவைத்துவிட வேண்டும் என்பது பொது விதி. கொப்பரைக்கு முன்கூட்டியே சொல்லிவைத்து நாள் குறித்த பிறகு வெட்டுக்கு ஆள் விடுவதே சரியான வரிசை. ஆனால் பல தோட்டங்களில் ஆள் கிடைத்த நாளில் வெட்டுகிறார்கள், கொப்பரை கிடைத்த நாளில் வேகவைக்கிறார்கள். காத்திருக்க நேர்ந்தால், குவியலை நிழலுக்கு மாற்றி மஞ்சள் செடியின் தாளால் மூடி வைக்கலாம்.

வேகவைப்பதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இங்கே நேர்ந்த பிழையைப் பிறகு எந்தக் கட்டத்திலும் சரிசெய்ய முடியாது. வேகும்போது கிழங்கிலுள்ள மாவுச்சத்து குழைந்து, நிறம் உள்ளே முழுவதும் சீராகப் பரவுகிறது. பச்சை வாடை நீங்குகிறது. முளைக்கும் தன்மை போய்விடுகிறது. காயும் நாட்களும் குறைகின்றன. விரலி மெல்லியது, தாய்க்கிழங்கு பருமனானது. இரண்டையும் பிரிக்காமல் ஒரே கொப்பரையில் கொட்டினால், கிழங்கு வேகும் நேரத்துக்குள் விரலி குழைந்துவிடும். விரலிக்கேற்ற நேரத்தில் இறக்கினால் கிழங்கின் நடுப்பகுதி வேகாமல் நின்றுவிடும். பிரிப்பதற்கு ஆகும் கூலியை மிச்சப்படுத்த நினைப்பவர்கள், ஏலத்தில் அதைவிடப் பெரிய தொகையை இழக்கிறார்கள்.

கொப்பரையில் மஞ்சள் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைக்கும்போது, சுமார் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரத்துக்குள் நுரை பொங்கி, வெந்த மஞ்சளின் தனி மணத்தோடு வெண்ணிற ஆவி எழும். இந்த அடையாளங்களை மட்டும் நம்பாமல், ஒரு விரலியை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்திப் பார்க்க வேண்டும். அது மெதுவாக அமுங்க வேண்டும். முனை மழுங்கிய குச்சி ஒன்று சிரமமில்லாமல் உள்ளே இறங்க வேண்டும். ஒடித்தால் ஓரமும் நடுவும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். வேக்காடு குறைந்த மஞ்சள் காய நாளாகும், காய்ந்த பின்னும் மெருகேற்றும்போது நொறுங்கும். அதிகமாக வெந்தது நிறம் மங்கி, களத்தில் பரப்பும்போதே நசுங்கும். நீராவிக் கொதிகலனில் வேகவைப்பவர்களுக்கு நேரம் மிகவும் குறையும் என்பதால், கடிகாரத்தைப் பார்ப்பதைவிட இந்தச் சோதனையைச் செய்வது இன்னும் அவசியம். சாணக் கரைசல் ஊற்றி வேகவைத்தால் நிறம் கூடும் என்ற பழைய நம்பிக்கையை விட்டுவிட வேண்டும். மஞ்சள், மக்கள் சமையலில் சேர்க்கும் பொருள். சுத்தமான தண்ணீர் போதும். ஒரே தண்ணீரைப் பல தடவை பயன்படுத்தி, கொப்பரையின் அடியில் சேறு தேங்க விடுவதும் கூடாது.

காயவைப்பதில் நடக்கும் தவறுகள் கண்ணெதிரே தெரிபவை. தார்ச்சாலையின் ஓரத்திலோ வெறும் மண்ணிலோ பரப்பினால் தூசியும் எண்ணெய்க் கசிவும் கால்நடைக் கழிவும் ஒட்டிக்கொள்ளும். சிமெண்டுக் களம் அல்லது மூங்கில் பாய் வேண்டும். சீக்கிரம் காயட்டும் என்று ஒற்றை அடுக்காகப் பரப்புவதும் பிழைதான், வெயில் நேரடியாகப் பட்டு மேற்பரப்பின் நிறம் வெளிறிவிடும். 5 முதல் 7 சென்டிமீட்டர் கனத்தில் பரப்பி, அவ்வப்போது கிளறிவிட வேண்டும். தை, மாசி மாதப் பனியை மறந்து இரவிலும் அப்படியே விட்டுவிட்டால் பகலில் போன ஈரம் திரும்ப ஏறும். மாலையில் குவித்து, காற்றுப் போகும் படுதாவால் மூட வேண்டும். நல்ல வெயிலில் 10 முதல் 15 நாட்களில் காய்ந்துவிடும். ஒடிக்கும்போது உலோகம் உடைவதைப் போன்ற ஓசை கேட்டால் உள்ளே ஈரம் இல்லை என்று கொள்ளலாம். ஈரப்பதம் 10 சதவீதத்துக்குக் கீழே வராத மஞ்சளை மூட்டை கட்டினால் எடை கூடும் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். கிடங்கில் ஒரு மாதத்துக்குள் அது பூஞ்சை பிடித்துக் கிடப்பதுதான் மிச்சம்.

மெருகேற்றும் உருளையில் மஞ்சள் ஒன்றோடொன்று உராய்ந்து தோலும் வேரும் உதிர்வதே போதுமானது. பளபளப்புக்காக வெளியிலிருந்து சாயம் சேர்ப்பது தவறு என்ற சொல்லுக்குள் அடங்காது, குற்றம். ஈய குரோமேட் என்னும் மஞ்சள் நிறமி தொழிற்சாலைப் பெயிண்டுக்கானது. அதிலுள்ள ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது, அதனால் இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் மஞ்சளில் அது அறவே இருக்கக் கூடாது என்கின்றன. வங்கதேசத்தில் இந்தக் கலப்படம் பரவலாக இருந்தது 2019இல் வெளிச்சத்துக்கு வந்தது. அரசு சோதனைகளையும் தண்டனையையும் தீவிரப்படுத்திய பிறகு, 2021இல் சந்தையில் எடுத்த மாதிரிகளில் அது காணப்படவில்லை. முனைந்தால் நிறுத்த முடியும் என்பதற்கு இது போதும்.

விற்பனைக்கு வைத்திருக்கும் மூட்டைகளைச் சுவரோரம் தரையில் அடுக்குவதால் ஈரம் ஏறி, வண்டு விழுகிறது. மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து தள்ளி அடுக்க வேண்டும். வண்டுக்குப் பயந்து காய்ந்த மஞ்சளின் மேலேயே பூச்சிமருந்துத் தூள் தூவுவதை எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது. விரலியையும் கிழங்கையும், பழைய சரக்கையும் புதியதையும் ஒரே குவியலாகக் கலந்து ஏலத்துக்குக் கொண்டுபோவதும் நட்டமே, ஏனென்றால் மாதிரி எடுக்கும் வியாபாரி தாழ்ந்த தரத்தை வைத்தே விலை சொல்வார். விலை குறைவாக இருக்கும்போது, ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்கில் இருப்பு வைத்து, அந்தச் சரக்கின் பேரில் பொருளீட்டுக் கடன் பெறும் வழி இருக்கிறது. அதை விட்டுவிட்டுக் கைமாற்றுக் கடனுக்காக அவசரமாக விற்பவர்கள் பலர். அதற்காக ஆண்டுக்கணக்கில் பதுக்கி வைப்பதும் சரியாகாது. 2010ஆம் ஆண்டில் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டிய விலை, 2012இல் 5,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியதை இந்தப் பகுதி விவசாயிகள் பார்த்திருக்கிறார்கள்.

விதைக்கிழங்கைத் தேர்ந்தெடுப்பதும் இதே காலத்தில்தான். அழுகல் கண்ட வயலிலிருந்து விதை எடுப்பதும், அதே நிலத்தில் மஞ்சளுக்குப் பின் மஞ்சளே நடுவதும் நோயையும் வேரைத் தாக்கும் நூற்புழுவையும் அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லும். விதையை நிழலில் குவித்து மஞ்சள் தாளால் மூடியோ, குழியில் மரத்தூளோடு எட்டி மரத்தின் இலையும் பரப்பியோ பாதுகாக்கலாம். பூஞ்சைக்கொல்லியில் நனைத்த விதை நடவுக்குப் பிறகு மிஞ்சினால், அதை வேகவைத்து விற்பனைச் சரக்கோடு கலந்துவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. மருந்து பட்ட கிழங்கு உணவுக்கு ஆகாது. தேவைக்கேற்ற அளவை மட்டும் நனைத்து, மிஞ்சியதை வயலோரத்தில் நட்டுவிட வேண்டும்.