படிக்கும்போது விட்ட சொராரிட்டியில் இப்போது சேர்வது எப்படி?

அமெரிக்கக் காலேஜில் நான்கு வருஷம் படித்தும் சொராரிட்டி (கிரேக்க எழுத்துப் பெயரில் இயங்கும் பெண்கள் சங்கம்) பக்கமே எட்டிப் பார்க்காமல் இருந்துவிட்டு, வேலை, குடும்பம் என்று ஆன பிறகு "சேர்ந்திருக்கலாமே" என்று தோன்றுகிறதா? இப்போதும் வழி இருக்கிறது. ஆனால் ஒரு வழி இல்லை, இரண்டு. ஒன்றில் வாய்விட்டுக் கேட்டால்தான் வேலை நடக்கும், இன்னொன்றில் வாய்விட்டுக் கேட்டாலே காரியம் கெட்டுவிடும். இது தெரியாமல் போய் மாட்டிக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

முதலாவது, 1902இல் தொடங்கிய நேஷனல் பேன்ஹெலனிக் கான்ஃபரன்ஸ் என்ற கூட்டமைப்பில் இருக்கும் சொராரிட்டிகள். இருபதுக்கும் மேல் இருக்கின்றன. இவற்றில் பலவற்றில் 'அலும்னா இனிஷியேஷன்' (மாணவப் பருவம் கடந்தவர்களைச் சடங்கு செய்து உறுப்பினராக்குவது) என்றே ஒரு வழி உண்டு. பிடித்த சொராரிட்டியின் தலைமை அலுவலகத்துக்கோ, நீங்கள் இருக்கும் ஊரின் அலும்னா சாப்டருக்கோ (படிப்பு முடிந்த உறுப்பினர்களின் கிளை) நேராக எழுதிக் கேட்கலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். டிகிரி கட்டாயமா, எத்தனை உறுப்பினர்கள் சிபாரிசு செய்ய வேண்டும் என்பதெல்லாம் ஒவ்வொன்றுக்கும் மாறும், கேட்டே தெரிந்துகொள்ளுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள்: இவற்றில் ஒன்றில் ஏற்கெனவே இனிஷியேட் ஆனவர் இன்னொன்றில் சேர முடியாது, நடுவில் விலகியிருந்தாலும் சரி. அதனால் பேட்ஜ் அழகாக இருக்கிறது என்று அவசரப்படாதீர்கள். பக்கத்தில் உயிரோட்டமான அலும்னா சாப்டர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள், இல்லையென்றால் சடங்கு முடிந்த மறுநாளே தனியாகிவிடுவீர்கள்.

இரண்டாவது, கறுப்பினப் பெண்கள் தொடங்கிய நான்கு சொராரிட்டிகள்: ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா (1908), டெல்டா சிக்மா தீட்டா (1913), ஸீட்டா ஃபை பீட்டா (1920), சிக்மா காமா ரோ (1922). முதல் மூன்றும் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் பிறந்தவை, நான்காவதை இண்டியானாபொலிஸில் ஏழு ஆசிரியைகள் தொடங்கினார்கள். இங்கே டிகிரி முடித்தவர்கள் கிராஜுவேட் சாப்டர் (பட்டதாரி உறுப்பினர்களின் கிளை) வழியாகச் சேர்வது சர்வசாதாரணம், அதை யாரும் ஆறுதல் பரிசாகப் பார்ப்பதில்லை. காலேஜ் முடித்த பிறகுதான் இவற்றின் வேலையே சூடு பிடிக்கிறது என்றுகூடச் சொல்லலாம்: உதவித்தொகை, வாக்காளர் பதிவு, சுகாதார முகாம் என்று ஆயுள் முழுக்க ஓடும்.

ஆனால் "நான் சேரணும், ஃபார்ம் எங்கே?" என்று ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். சாப்டர் பொதுமக்களுக்காக நடத்தும் நிகழ்ச்சிகளுக்குப் போங்கள், கை கொடுங்கள், முகம் பழகட்டும். மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் ஆகும், ஏனென்றால் புது உறுப்பினர்களை எப்போது எடுப்பது என்பது சாப்டரின் முடிவு. நம்பிக்கையான உறுப்பினர் ஒருவர் பழக்கமானதும் அவரிடம் மட்டும் தனியாக ஆசையைச் சொல்லுங்கள், சிபாரிசுக் கடிதம் அப்படித்தான் வரும். அப்புறம் உடை. ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா நிகழ்ச்சிக்கு இளஞ்சிவப்பும் பச்சையும், டெல்டா நிகழ்ச்சிக்குச் சிவப்பும் க்ரீமும் உடுத்திக்கொண்டு போய் நிற்காதீர்கள், அவை அந்தந்தச் சொராரிட்டியின் சொந்த நிறங்கள். நீங்கள் பாசத்தில் செய்ததாக இருக்கும், அவர்கள் கண்ணுக்கு உரிமையில்லாமல் எடுத்துக்கொண்டதாகத் தெரியும்.

பணம் விஷயத்தைக் கூச்சப்படாமல் முன்பே கேளுங்கள். சேரும் கட்டணம் சில நூறு டாலர் ஆகலாம், கிராஜுவேட் சாப்டர்களில் ஆயிரத்தையும் தாண்டலாம், அதற்கு மேல் வருஷா வருஷம் சந்தா. கட்டணத்தைத் தனி ஒருவரின் கணக்கில் போடச் சொன்னாலோ, "உண்மையான உறுப்பினராக" இதையெல்லாம் தாங்கணும் என்று ராத்திரியில் வரச் சொல்லி அலைக்கழித்தாலோ எழுந்து வந்துவிடுங்கள். ஹேஸிங் (புதிதாகச் சேர்பவரை இப்படித் துன்புறுத்துவது) எல்லாச் சொராரிட்டிகளிலும் தடை செய்யப்பட்டது, தலைமை அலுவலகத்துக்குப் புகார் போகலாம். வயது வந்த பெண்கள்கூட இதில் வாயை மூடிக்கொண்டு போவதுதான் எனக்குப் புரியவே மாட்டேன் என்கிறது.

டிகிரியே இல்லை, காலேஜ் தொடர்பே வேண்டாம் என்றால் 1931இல் கன்சாஸில் தொடங்கிய பீட்டா சிக்மா ஃபை என்ற பெண்கள் சங்கத்தைப் பாருங்கள். பெயர்தான் கிரேக்க எழுத்து, காலேஜுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.